ரிசர்வ்ல ஓட்டாதீங்க பாஸ்!

‘‘அண்ணா, நூறு ரூபாய்க்குப் போடுங்க!’’

மதகடிப்பட்டு தொடங்கி கன்னியக்கோவில் வரை எந்த பங்க்ல நின்னாலும் காதில் விழும் காலேஜ் கீதம் இதுதான். தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைச்சல் என்பதால், கடலூரிலிருந்தும் விழுப்புரம் பக்கமிருந்தும் எல்லை தாண்டி வந்து டேங்க் ரொப்புகிற பார்ட்டிகள் ஏராளம். ஆனா, வில்லியனூர், பாகூர் பக்கத்து நம்ம பசங்க வண்டியில் மட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே வரவே வராது!

பைக்ல இந்தப் பழக்கம் பரவாயில்லைன்னு இருந்த காலம் ஒண்ணு உண்டு. அப்போ கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் தானா கீழே இறங்கும். தீர்ந்தா டேப்பைத் திருப்பி ‘ரிசர்வ்’ல போட்டுட்டு அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம். மாருதி 800 காலத்து கார்களில்கூட பம்ப் இன்ஜின்மேல்தான் ஒட்டிக்கிட்டு இருந்தது. டேங்க் காலியானா அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இப்போ கதை வேற. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் இருப்பது பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயே. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு பெரும்பாலான பைக்குகளும் இதே கட்சிதான். குட்டி மோட்டார் ஒண்ணு பெட்ரோலுக்குள் முங்கி நின்னு சுத்துது. பெட்ரோல் அந்த மோட்டார் வழியாவே பாய்ந்து போகுது. அதைக் குளிர வைப்பதும் வழவழப்புக் கொடுப்பதும் அந்த பெட்ரோல்தான். தனியா ஆயிலும் கிடையாது, ஃபேனும் கிடையாது. அடியில் மூணு லிட்டர் மட்டும் கிடந்தா, அதுவே திரும்பத் திரும்பச் சூடாகும். சித்திரை வெயில்ல சொல்லவே வேண்டாம். பம்பைச் சுத்தி சின்னக் கிண்ணம் மாதிரி வெச்சு கம்பெனிக்காரங்க கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைக்கிறாங்க, உண்மைதான். ஆனா வளைவில் வேகமா திருப்பும்போது இருக்கிற சொச்சமும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் காத்தை உறிஞ்சும். உலர்ந்து சுத்துகிற அந்த சில நொடிகள்தான் உள்ளே தேய்மானம் ஏறுகிற நேரம்.

சரி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ கார்களில் மட்டும் ஏன் இது சீக்கிரம் மண்டையைப் போடுது? கணக்கு ரொம்ப சிம்பிள். முழுசா மிதிக்கும்போது 100 குதிரைசக்தி வேணும்னா இன்ஜினுக்கு மணிக்கு சுமார் 30 லிட்டர் பெட்ரோல் போகணும். செகண்ட் ஹேண்டில் வாங்கின போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 குதிரைசக்தி. அதை ‘ஸ்டேஜ் ஒன் ரீமேப்’ பண்ணி 140 ஆக்கினா, பெட்ரோலும் மூணுல ஒரு பங்கு கூடுதலா வேணும். பம்ப் மட்டும் அதே பழைய பம்ப்! கூடவே ஃபில்டர் அடைச்சிருந்தா மோட்டார் இன்னும் முக்கும், கரன்ட்டை அதிகமா இழுக்கும். வயரிங்கும் ரிலேயும் பழசா இருந்தா வோல்டேஜ் இறங்கும், வேகம் குறையும். பெட்ரோல் போதாம காத்து அதிகமானா இன்ஜின் ‘நாக்’ அடிக்கும். பிஸ்டன் போச்சுன்னா செலவு, பம்ப் விலையைப் போல பல மடங்கு.

இந்த டர்போ வண்டிகளில் இன்னொரு தொல்லை. பம்ப் ஒண்ணு இல்லை, ரெண்டு. டேங்குக்குள் இருப்பது நாலைந்து ‘பார்’ அழுத்தத்தில் தள்ளும். இன்ஜின் பக்கத்தில் இருப்பது அதை 100, 200 பார் வரை ஏத்தும். முதலாவது சரியா ஊட்டாட்டி ரெண்டாவதும் அடி வாங்கும். பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்காங்க. பி.எம்.டபிள்யூ. 335ஐ உள்ளிட்ட ரெட்டை டர்போ கார்களில் அந்த உயர் அழுத்த பம்ப் படுத்த படுக்கையானதால், 2010 அக்டோபரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,30,000 கார்களைத் திரும்ப அழைச்சாங்க.

சாதாரண காருக்கு இந்த வம்பு இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களை ஃப்யூயல் பம்ப்புக்காகத் திரும்ப அழைச்சது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைச்சது. ஹோண்டா சொன்ன காரணம், உள்ளே சுத்துகிற சின்ன விசிறியில் குறைபாடு. அதனால இன்ஜின் ஓட்டத்திலேயே நின்னு போகலாம். லாரியை ஓவர்டேக் பண்ணுகிற நேரத்தில் அப்படி நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. வீட்டில் இந்த வண்டிகள் இருந்தா, சேசிஸ் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பார்த்திடுங்க. பம்ப்பை இலவசமா மாத்தித் தர்றதாத்தான் ரெண்டு கம்பெனியுமே அறிவிச்சாங்க.

நம்ம ஊருக்கே உரிய வில்லன், தண்ணீர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி முங்கின வண்டி எதையாவது ‘செம சீப்பா’ யாராவது தள்ளிவிட்டா, முதலில் டேங்கைப் பாருங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கும். அளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில் தங்கிடும். பம்ப் உறிஞ்சுகிற இடமும் அதே அடிதானே!

இதைத் தெரிஞ்சுக்காமத்தான் பலர் பம்பை மாத்தி ஆறு மாசத்தில் மறுபடி மாத்துறாங்க. டேங்கில் கிடக்கிற துருவும் சேறும் அப்படியே இருக்க, புது பம்ப் என்ன பண்ணும்? அதுவும் பேர் தெரியாத மலிவு பம்ப்னா கேட்கவே வேணாம்.

பம்ப் சாகும் முன்னாடி சொல்லிட்டுத்தான் சாகும். பின்சீட் அடியிலிருந்து ‘ஙொய்ங்’னு சத்தம் வருதா? காலையில் ரெண்டு மூணு தடவை சாவி போட்டாத்தான் ஸ்டார்ட் ஆகுதா? ஊருக்குள் ஜம்முன்னு ஓடி, விழுப்புரம் ரோட்டில் மிதிச்சா மட்டும் இழுக்காம திணறுதா? உடனே மெக்கானிக்கிட்ட ஃப்யூயல் பிரஷரை அளந்து பார்க்கச் சொல்லுங்க. ஃபில்டர், ரிலே, வயரிங்கையும் சேர்த்து. உயர் அழுத்த பைப்பை மட்டும் யூட்யூப் பார்த்து நீங்களே கழட்ட வேண்டாம். 200 பார் பெட்ரோல் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும்.

பம்ப் மாத்தியே ஆகணும்னா, பழசைக் கேட்டு வாங்கி அதன் அடியில் இருக்கிற வடிகட்டி வலையைப் பாருங்க. செம்மண் கலரில் துரு அப்பியிருந்தா, டேங்கைக் கழட்டிக் கழுவாம புது பம்பை உள்ளே விடாதீங்க. வலை சுத்தமா இருந்தும் பம்ப் கருகியிருந்தா, அந்த நூறு ரூபாய் மேட்டரைக் கொஞ்சம் யோசிங்க. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாம இருந்தாலே போதும்.