துப்பாக்கிக் குழலில் பள்ளம் வெட்டினால் குறி தப்பாதா?

டெலானிபூரிலிருந்து அபர்தீன் கடைத்தெருவுக்கு அதிகத் தொலைவில்லை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்தப் போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து சேர்ந்தார். 1857 கிளர்ச்சியின் விளைவாக அமைந்த குடியேற்றம் இது.

அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பொறி வைத்தது என்பீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தோட்டா. கொழுப்பு எதற்கு? குழலின் உட்புறத்தில் வெட்டியிருந்த மூன்று பள்ளங்களில் கரி அடையாமல், குண்டு வழுக்கி இறங்குவதற்காக. ஆக, துப்பாக்கிக் குழலின் பள்ளத்துக்கு இவ்வூர்ச் சரித்திரத்திலும் இடம் உண்டு.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

உட்பள்ளத்தின் வேலை எல்லோரும் அறிந்ததே. குண்டைச் சுழல வைக்கிறது. சுழலும் பம்பரம் சாயாதது போல் குண்டும் நிலைகுலையாமல் பறக்கிறது. 'புளூட்டிங்' என்பது வேறு. குழலின் வெளிப்புறத்தில், கோயில் தூணின் பட்டைகள் போல, நீளவாக்கில் வெட்டும் பள்ளங்கள் அவை. இவை குண்டைத் தொடுவதே இல்லை. பிறகு குறிக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சுடும் கணத்தில் குழல் சாட்டை போல் அதிர்கிறது. அதிர்வு குறைவாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகவும் இருந்தால் குண்டுகள் அருகருகே விழும். அதற்குக் குழல் விறைப்பாக இருக்க வேண்டும். 7.62 மில்லிமீட்டர் துளையுள்ள குழலின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆனால், விறைப்பு சுமார் இரண்டரை மடங்காகிறது. எடையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. தோளில் சுமப்பவருக்கு இது பெரும்பாடு. எனவேதான் தடித்த குழலை எடுத்து, வெளிப்புறத்தில் கொஞ்சம் உலோகத்தைச் சீவிவிடுகிறார்கள்.

தகரக் கூரைக் கணக்கு

நெளிதகரம் சமதகரத்தைவிட உறுதியானது. குழலிலும் பள்ளம் போட்டால் அப்படியே உறுதி கூடும் எனப் பலர் நம்புகிறார்கள். இது தவறு. தகரத்தை நெளிக்கும்போது உலோகம் குறைவதில்லை. குழலில் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆகவே அதே விட்டமுள்ள வெட்டாத குழலைவிட, வெட்டிய குழல் விறைப்பில் சற்றுக் குறைந்ததே. ஆனால் அதே எடையுள்ள மெல்லிய குழலோடு ஒப்பிட்டால் வெட்டிய குழலே விறைப்பானது. இரண்டும் உண்மை, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி.

சூட்டின் கதையும் இதுபோலத்தான். மோட்டார் சைக்கிள் என்ஜினில் உள்ள துடுப்புகள் போல, பள்ளங்கள் காற்றுப் படும் பரப்பைக் கூட்டுவதால் குழல் விரைவில் ஆறும். உலோகம் குறைந்ததால் விரைவில் சூடேறவும் செய்யும்.

வெட்டும் கையில் இருக்கிறது

கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். எஃகுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். மேற்பரப்பைச் சீவியதும் அது விடுபட்டு, உள்துளை மிக நுண்ணிய அளவில் விரியலாம். ஒரு பள்ளம் ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் அமைந்தால், சூடேறும்போது குழல் ஒரு பக்கம் வளைந்து குறி நகரும். ஆகவே நல்ல தயாரிப்பாளர்கள் எல்லாப் பள்ளங்களையும் ஒரே ஆழத்தில் வெட்டி, வெப்பப் பதப்படுத்தலால் இழுவிசையைத் தணித்து, உள்துளையைக் கடைசியில் மெருகேற்றுகிறார்கள்.

துப்பாக்கித் தொழில் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1966-இல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை, 2021 முதல் அரசின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கிகளும், திருச்சியின் பெயரையே தாங்கிய தாக்குதல் துப்பாக்கியும் அங்கே உருவானவை. அங்கே டர்னர், மில்லர் கைகளின் நுட்பமே குறியை நிர்ணயிக்கிறது.

ஆக, வெளிப்பள்ளம் தன்னளவில் குறியைக் கூர்மையாக்குவதில்லை. மலையேறும் சிப்பாய்க்கு அது சுமையைக் குறைக்கும்; படுத்த நிலையில் சுடும் போட்டியாளருக்குப் பெரிய லாபமில்லை. பட்டறை வைத்திருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்த்துக் கொடுப்பதும் குற்றம். தெரிந்தவர் கேட்டார் என்று குழலை லேத்தில் மாட்டினால், குறி தவறுவதோடு பிழைப்பும் போய்விடும்.