ஷாக் அடிக்காத ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு

கடலாடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு நிலைமின்சாரம் என்றால், பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டை ஒட்டவைத்த விளையாட்டுதான். வாலிநோக்கம் உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தியில் நிற்கிறவர் உடம்பில் என்ன மின்னேற்றம் தங்கும்? ஈரமும் உப்பும் ஊறிய மண் அதை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும்.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை பார்த்து, பிறகு புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். அங்கே நாள் முழுக்க ஏசி, காற்றில் ஈரம் குறைவு. சாதாரண ரப்பர் செருப்போடு நாலு எட்டு நடந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடலாம். கதவுப் பிடியைத் தொட்டதும் சுருக்கென்று இழுக்கிறதே, அது நமக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகிவிடும். அன்றைக்கே செத்தாலும் பரவாயில்லை. டெஸ்டில் பாஸாகி, வாங்கினவர் கைக்குப் போனபிறகு படுத்துக்கொண்டால்தான் வம்பு.

அதற்குத்தான் ஈஎஸ்டி செருப்பு, அதாவது நிலைமின்சாரத்தை இறக்கிவிடும் செருப்பு. அதன் அடிப்பாகத்தில் மின்சாரம் கடத்தும் பொருள் கலந்திருக்கும். உடம்பில் ஏறியதைத் தரைக்கு இறக்கிவிடும், ஆனால் நிதானமாக. பொதுவாக ஆண்டிஸ்டேட்டிக், அதாவது நிலைமின்சாரம் தங்கவிடாத ஷூவின் மின்தடை 1 லட்சம் ஓமுக்குக் குறையக்கூடாது, 100 கோடி ஓமைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் மின்னேற்றம் இறங்காது. குறைந்தால், பழுதான மெஷினைத் தொடும்போது கரண்ட் நம் வழியாகத் தாராளமாகப் பாயும். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ஈஎஸ்டி செருப்புக்கு மேல்வரம்பு இன்னும் கறார், 10 கோடி ஓம்.

லைனுக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு டெஸ்டர் இருக்கும். இரும்புத் தகட்டில் ஏறி நின்று பட்டனை அழுத்தினால் பச்சை எரிய வேண்டும். காலையில் பலருக்குச் சிவப்புதான் எரியும். செருப்பைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றம் காலில். குதிகால் வெடித்துக் காய்ந்துபோயிருக்கும். கொஞ்சம் நடந்து பாதம் வியர்த்ததும் பச்சை வந்துவிடும். வியர்வைக்கு நான் நன்றி சொன்ன ஒரே இடம் அதுதான். இன்னும் சிலர் மெத்தென்று இருக்கட்டுமே என்று உள்ளே தனியாக ஒரு ஸ்பாஞ்ச் அட்டை வாங்கிப் போட்டிருப்பார்கள். பாதத்துக்கும் அடிக்கும் நடுவே அது வந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த செருப்பும் வீண். அடியில் மெழுகு, பசை, தூசி படிந்தாலும் அதே கதைதான்; துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். தரையும் கடத்துகிற தரையாக இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

கம்பெனி ஷூ கொடுத்தால் நாக்குப் பகுதியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 15298 என்ற எண் இருக்கும். எஸ்1, எஸ்2, எஸ்3 என்றிருந்தால் ஆண்டிஸ்டேட்டிக் அதிலேயே அடக்கம். வெறும் எஸ்பி என்றிருந்தால், பக்கத்தில் 'ஏ' என்ற எழுத்து தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈஎஸ்டிக்கு அடையாளம் முக்கோணத்துக்குள் ஒரு கை, அதன்மேல் ஒரு வளைவு. பட்டாசு மருந்து, வெடிமருந்து கையாளும் இடங்களுக்கு 1 லட்சம் ஓமுக்கும் குறைவான கடத்தும் காலணி என்று வேறொரு வகை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கரண்ட் வேலைக்குப் போகவே கூடாது.

நான் இவ்வளவு சொல்லக் காரணம் எங்கள் ஊர்த் தம்பிகள். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் ஆலை வந்தபிறகு பேனல், கேபிள் என்று வயரோடு மல்லுக்கட்டும் வேலை இந்தப் பக்கம் பலருக்கும் தெரிந்த வேலையாகிவிட்டது. "அக்கா, நீங்க போட்ட அந்த ஷூவையே நானும் வாங்கிக்கிடவா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. எனக்குக் கரண்ட் இறங்க வேண்டும், உனக்கு இறங்கவே கூடாது. உனக்கு வேண்டியது எலெக்ட்ரீஷியன்களுக்கென்று சோதித்து விற்கிற இன்சுலேட்டட் ஷூ. அதுவும் நனையாமல், ஓட்டை விழாமல் இருக்கும்வரைதான். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு ஷூ. கடையில் போய் "கரண்ட் ஷூ" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.