நாலு வருஷம் கழித்துப் படிக்க ஒரு கடிதம்

பக்கெட், மக், துணி காயப்போடக் கயிறு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில், காய்ச்சல் மாத்திரை... காலேஜ் ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பும்போது லிஸ்ட் போட்டு எடுத்து வைப்பீர்கள். அதில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு; நன்றாக ஒட்டக்கூடிய ஒரு கவர். எதற்கு? உங்கள் மகனோ மகளோ தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி, படிப்பு முடிகிற வருஷம் பிரித்துப் படிக்க!

"தனக்குத்தானே லெட்டரா? நல்ல கூத்து!" என்று சிரிக்கிறீர்களா? சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஹாஸ்டலில் வரும் தலைவலி, வயிற்றுவலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதல் வருஷப் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். சேர்ந்த ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகப் பசிக்காது. தூக்கம் கெடும். அடிக்கடி சளி பிடிக்கும். நாம் பழியைத் தூக்கி மெஸ் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுகிறோம். மெஸ்ஸுக்கும் பங்கு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை! ஆனால் வீட்டு ஏக்கமும் புது இடத்து டென்ஷனும் கூட உடம்பில் இப்படித்தான் வெளிப்படும். பதற்றத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. அது நீடித்தால் தூக்கம், ஜீரணம், நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாமே பாதிக்கும்.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய குழுவினரும் 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் வருஷ மாணவர்கள் 130 பேர். ஒரு பிரிவினர், காலேஜுக்கு வந்ததைப் பற்றி மனசில் உள்ளதை ஒளிக்காமல் எழுத வேண்டும். தினம் 20 நிமிடம், 3 நாள். இன்னொரு பிரிவினர் ஏதோ மேலோட்டமான விஷயத்தை எழுதினார்கள். அவ்வளவுதான். மனசைத் திறந்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது!

இதில் ஒரு விசித்திரம். எழுதிய இரண்டு மூன்று மாதத்தில் கேட்டபோது, அவர்களுக்குத்தான் வீட்டு ஏக்கம் அதிகமாக இருந்தது. வருஷக் கடைசியில் அவர்கள் யாருக்கும் பின்தங்கவில்லை. ஆகவே, எழுதிய பிறகு பிள்ளை போனில் கொஞ்சம் டல்லாகப் பேசினால் எங்களைத் திட்டாதீர்கள்!

எழுதினால் ஏன் பலன்? மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் கவலைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. காகிதத்தில் இறக்கும்போது அதற்கு ஒரு வரிசை வருகிறது. நாளுக்கு நாள் 'ஏனென்றால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போயினவோ, அவர்களுக்கே பலன் அதிகம் என்பதும் பென்னிபேக்கர் கண்டதுதான்.

சரி, என்ன எழுதுவது? 'நான் கோல்டு மெடல் வாங்குவேன், பெற்றோர் கனவை நிறைவேற்றுவேன்' என்பது கடிதம் இல்லை, மேடைப் பேச்சு. "லெக்சர் எல்லாம் இங்கிலீஷ்ல, பாதி புரியலை. ரூம்மேட் ராத்திரி 2 மணி வரைக்கும் லைட்டை அணைக்க மாட்டேங்கிறான். அம்மா அழுதுடுவாங்கன்னு போன்ல சொல்லலை." இப்படி இருக்க வேண்டும். எழுத்துப்பிழையா? இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி நாள் மட்டும் முன்னால் பார்க்கட்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் நாலு வருஷம் கழித்து நான் எப்படி இருப்பேன் என்று எழுதச் சொல்லுங்கள். லாரா கிங் என்ற ஆய்வாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி 4 நாள் எழுதிய மாணவர்களுக்கு ஐந்து மாதம் கழித்தும் நோய்த் தொந்தரவு குறைவாக இருந்தது. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். 20 வருஷம் கழித்து இருக்கப்போகும் தனக்குக் கடிதம் எழுதிய மாணவர்கள், 3 மாதம் கழித்து இருக்கப்போகும் தனக்கு எழுதியவர்களைவிட, அடுத்த சில நாட்களில் அதிக நேரம் உடற்பயிற்சி செய்தார்கள். எதிர்கால 'நான்' யாரோ மூன்றாம் மனுஷர் இல்லை என்று தோன்றிவிட்டால் உடம்பின் மேல் அக்கறை வருகிறது போலும்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வகை எழுத்துப் பயிற்சி பற்றிய 146 ஆய்வுகளை 2006-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. ஒரு நோட்டுச் செலவில் கிடைக்கிற சிறிய பலனை ஏன் விட வேண்டும்?

இனி உங்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. கவரை ஒட்டி, மேலே பிரிக்கவேண்டிய தேதியைப் போட்டு, "அம்மா, பீரோவில் வைம்மா" என்று பிள்ளை கொடுக்கலாம். பிரிக்காதீர்கள்! "பெத்தவளுக்குத் தெரியக்கூடாததா?" என்று ஆவி காட்டி ஒட்டைப் பிரிக்கிற சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். அம்மா படிப்பாள் என்று தெரிந்தால் பிள்ளை அம்மாவுக்குப் பிடித்ததைத்தான் எழுதும். "நல்லா சாப்பிடறேன், நல்லா படிக்கறேன்." அதற்கு இந்தப் பாடே தேவையில்லை, போனிலேயே அதைத்தானே சொல்கிறார்கள்! அப்பாக்களுக்கும் இதே சட்டம்தான். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் பிள்ளையே தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். கோபப்படாதீர்கள்.

எழுதப் பிடிக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். எழுத எழுத அழுகை அதிகமாகி, மனசு தாங்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவே பயம், 'இருந்து என்ன பிரயோசனம்' என்கிற மாதிரிப் பேச்சு... இவற்றில் எது தெரிந்தாலும் கடிதத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தக் கடைசிப் பேச்சு காதில் விழுந்தால் இரண்டு வாரம் எல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கிளம்பிப் போய் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416. ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.