நிழலில் மறையும் வரலாறு: ஒரு வீடியோ விளையாட்டும் அதன் திறனாய்வும்

கலைப்படைப்பொன்றின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே பிரித்து நோக்குவது திறனாய்வின் பழைய குறைபாடுகளுள் ஒன்றாகும். நாவல், திரைப்படம் ஆகியன பற்றிய விவாதங்களில் நன்கு இனங்காணப்பட்ட இக்குறை, வீடியோ விளையாட்டுக்கள் பற்றிய எழுத்துக்களில் இன்றும் நிலவுகின்றது. 2016 ஜனவரியில் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா’ பெற்ற வரவேற்பு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸ் உருவாக்க, பிரான்சின் யுபிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டின் களம் 1841ஆம் ஆண்டின் பஞ்சாப். ரஞ்சித் சிங் 1839இல் மறைந்தபின், அரசுரிமைப் போட்டியாற் சீக்கிய அரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. திரையிற் பக்கவாட்டில் நகரும் நாயகன் அர்பாஸ் மிர், காவலர் கண்ணிற் படாது ஒளிந்து சென்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களுடன் பொருதுகின்றான். இரு இரகசியச் சங்கங்களின் போட்டியில் மாயசக்தி வாய்ந்த பொருளாகக் கோகினூர் வைரம் இடம்பெறுகின்றது.

விமரிசகர்தம் கருத்துக்கள் கலவையாகவே அமைந்தன. வண்ணச் செறிவும் இந்திய அலங்காரக் கோலங்களைத் தழுவிய ஓவியப்பாங்கும் பாராட்டப்பெற்றன. மீண்டும் மீண்டும் தோற்றுப் பயில வேண்டிய கட்டாயமும், கதையின் மெலிவும் கண்டிக்கப்பெற்றன. இம்மதிப்பீடுகள் பெரும்பாலும் நியாயமானவையே. ஆயினும் கதை ஏன் மெலிந்தது என்னும் வினா போதியளவு எழுப்பப்படவில்லை.

இதற்கான விடை விளையாட்டின் உருவத்திலேயே உள்ளது என்பது எமது கருத்து. ஒளிந்து செல்லும் விளையாட்டில் அதிகாரம் என்பது காவலனின் பார்வை எல்லையாகச் சுருங்கிவிடுகின்றது. அதனைத் தவிர்த்து உரிய ஆளை வீழ்த்தினால் வெற்றி கிட்டும். எனவே ஏகாதிபத்தியமும் ஒரு சிலரின் சதியாகவே தோன்றுகின்றது. ஆனால் கோகினூர் இருளிற் களவாடப்பட்டதன்று. இரு போர்களின் பின்னர், 1849ஆம் ஆண்டின் லாகூர் உடன்படிக்கையில் ஒரு வாசகமாகவே, பட்டப்பகலில், அது விக்டோரியா மகாராணிக்கு உரித்தாக்கப்பட்டது.

கண்டிப் பிரதேச வாசகருக்கு இது புதியதன்று. பிலிமத்தலாவை என்னும் ஊர்ப்பெயர், ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் இரகசியப் பேச்சு நடத்திய மகா அதிகாரை நினைவூட்டுவது. கண்டி அரசின் வீழ்ச்சியை இத்தகைய அரண்மனைச் சூழ்ச்சிகளால் மட்டும் விளக்குவோர் உளர். சூழ்ச்சி நிகழ்ந்தது உண்மையே. எனினும் 1815இன் கண்டி உடன்படிக்கையும் பகிரங்கமாகவே கைச்சாத்திடப்பட்டது. அதன்பின் இம்மலைகளிற் கோப்பிப் பயிரைப் பரப்பிய மூலதனத்தையோ, அதன்பொருட்டுத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பையோ எந்தச் சதிக்கதையும் விளக்கமாட்டாது.

பொழுதுபோக்கு விளையாட்டொன்று பாடநூலாதல் வேண்டுமென நாம் வாதிடவில்லை. ஐரோப்பியரல்லாத ஒருவனை நாயகனாக்கிக் கம்பெனியை எதிர்த்தரப்பில் நிறுத்தியமை வரவேற்கத்தக்கதே. ஆனால் வரலாற்றைக் களமாகக் கொண்ட ஒரு படைப்பின் திறனாய்வு, அதன் வண்ணத்தையும் இயக்க நேர்த்தியையும் அளவிடுவதுடன் நின்றுவிடலாகாது. அதன் விதிகள் வரலாற்றை இயக்குவோர் யாரெனக் கற்பிக்கின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும். நூல்களினூடாகவன்றித் திரையினூடாகவே கடந்தகாலத்தை முதலில் அறியும் ஒரு தலைமுறைக்கு இத்திறனாய்வு இன்றியமையாதது.