தாத்தாவின் ஊர் எது? தகரப் பெட்டியில் தேடலைத் தொடங்கலாம்

தாத்தா எந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார் என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று கேட்டால், "சேலம் பக்கம்", "திருச்சி ஜில்லா" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது.

தேடலை வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டை, கடப்பிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாமே சான்றுகள்தாம். ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறையையும் வீசிவிடக் கூடாது. அதிலுள்ள அஞ்சல் முத்திரை கிராமத்துக்கு அருகிலுள்ள தபால் நிலையத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பெயர் மாறியிருக்கும்

தாத்தா சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி கிராணி எழுதியிருப்பார். லட்சுமணன் ஒரு பத்திரத்தில் லெட்சுமணனாகவும், இன்னொன்றில் லெச்சுமணனாகவும் இருக்கலாம். எழுத்து மாறியதால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாமல், தகப்பனார் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பெற்றோரின் பத்திரங்கள் தேவைப்படுவதால், இந்த வேறுபாடுகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மாவட்டமும் மாறியிருக்கும்

பழைய கடப்பிதழில் 'சேலம்' என்றிருந்தால், அந்தக் கிராமம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கக்கூடும். நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது.

வெளியே எங்கே தேடுவது?

தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் இருக்கும். தோட்டத்து செக்ரோலில் வேலையாட்களின் பெயர்கள் இருக்கும். ஆனால் தோட்டம் கைமாறிய இடங்களில் அது கிடைப்பது அரிது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பார்க்கலாம். கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி ஆட்சிக் காலக் கோப்புகள் உள்ளன.

ஏட்டில் இல்லாதவர்கள்

சயாம்–பர்மா ரயில் பாதை 1942–43இல் போடப்பட்டபோது, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு இறந்த போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பதிவும் இல்லை. அவர்கள் பெயர் குடும்பத்துப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

எனவே பத்திரம் தேடும் முன் பாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். குலதெய்வக் கோயில் எது, கூட வந்தவர்கள் யார், கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும். பாட்டியிடம் இன்றே கேட்டுவிடுவது நல்லது.