தோட்டத்துப் பள்ளிக்கூடம் – 14: மட்டக்களப்புத் தமிழோடு நேட்டாலுக்கு

ஆப்பிரிக்காவுக்குக் கல்விப் பணிக்கென்று போய்வரும் சபைக் குழுக்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். இரண்டு வாரப் பயணம், ஒரு வகுப்பறைக்குச் சாயம், பெட்டி நிறைய நோட்டுப் புத்தகம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? அப்படித் தெரிந்துகொண்டு போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு நேட்டாலின் தர்பன் போய்ச் சேர்ந்தது. 1911க்குள் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கரும்புக்கு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்த துரைமாருக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒரு கவலையே இல்லை. 1862இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபை அங்கே அனுப்பியவர் ரால்ஃப் ஸ்டாட். இளைஞர் அல்லர், இலங்கையில், முக்கியமாக மட்டக்களப்பில், பல ஆண்டு ஊழியம் செய்து முடித்தவர். அங்கே கற்ற தமிழைத்தான் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். தோட்டம் தோட்டமாகச் சுற்றினார், தர்பனில் பள்ளி நடத்தினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொற்பம். அதற்காக அவர் மூட்டை கட்டவில்லை. அவருக்குப் பின் மகனும் அதே வேலையில் இருந்தார்.

நம் மலாக்காவுக்கு லண்டன் மிஷன் வந்தது அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு. 1815 மே மாதம் அந்த மிஷனின் வில்லியம் மில்ன் வந்து இறங்கினார். ஆகஸ்டில் ஒரு குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சீனப் பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். அதே ஆண்டு மலாய்ப் பணிக்கு வந்த தாம்சனுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தவர் மலாக்காவின் கம்போங் பாலியில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியரின் கொள்ளுப்பேரன். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்று அப்பா அவரைத் தமிழும் படிக்க வைத்தார். அன்றைய மலாக்காவில் வசதியுள்ள வீடுகளின் வழக்கம் அது.

பாதிரிகள் பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஊர் பயந்தது. அப்துல்லா பயப்படவில்லை. மில்ன் வீட்டில் ஆங்கிலம் கற்றார். மில்னை மனமாரப் புகழ்கிறார். தாம்சன் கதை வேறு. மலாய் நடை இப்படி வராது என்று முன்ஷி திருத்தினால் மாணவர் கேட்கமாட்டார். இந்தச் சண்டைகளை அப்துல்லா தம் வாழ்க்கை வரலாறான 'ஹிகாயத்'தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1849இல் அச்சான அந்த நூலை, வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படும் எந்தக் குழுவும் முதலில் படிக்க வேண்டும் என்பேன். பைபிள் வகுப்பு அப்புறம் இருக்கட்டும்.

மில்ன் 1822இல் இறந்தார். 1818இல் மலாக்காவில் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலோ-சீனக் கல்லூரி 1843இல் ஹாங்காங் போய்விட்டது. அந்த மிஷனின் கவனமும் சீனத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

மலாக்காவில் தோட்டப் பிள்ளைகளின் கதை தொடங்குவது அதற்கு வெகு பின்புதான். டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896இல். பிறகு புக்கிட் அசாகான். பால்மரத்தோடு நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனால் அது கூட்டு மலாய் மாநிலங்களுக்கானது. மலாக்காவோ நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்தது. அதனால் இங்கே லயத்துப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்ட அகப்பட்டவர் கங்காணி, இல்லாவிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி. அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.