ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பணத்தையும் தானியத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். குப்பையையும் அளந்து போடவேண்டிய காலம் ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தக் காலம் வந்துவிட்டது என்பதை நமக்குத் தெரிவித்தவர், முன்னாளில் நம்மிடம் கணக்குப் படித்த மாணாக்கர் ஒருவர்.

மதுரையில் மாசி வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் அவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். இலைச் சாப்பாடு, நல்ல கூட்டம். ஒரு நாள் மாலை நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஸார், ஒரு கணக்குக் கேட்க வந்தேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் கணக்கு என்றாலே காத தூரம் ஓடியவர் அவர். ஆகையால் நமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

விஷயம் இதுதான். கடைக் குப்பைக்காக 1,100 லிட்டர் கொள்ளும் பெரிய சக்கரத் தொட்டி ஒன்றை அவர் வாங்கிவிட்டார். பெரிதாக வாங்கினால் ஒரே தரத்தோடு தொல்லை தீர்ந்தது என்பது அவருடைய எண்ணம். தொல்லையோ அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று. தொட்டி நிறைய நாலு நாள் ஆகும். நிறையட்டும் என்று அவர் காத்திருந்தார். மதுரை வெயில் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாளே நாற்றம் சந்து முழுவதும் பரவியது. மாடுகளும் நாய்களும் வந்து சேர்ந்தன. எதிர் வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள்; பிறகு பேச்சையும் நிறுத்தினார்கள். இவையெல்லாவற்றையும்விட அவர் மனத்தை உறுத்தியது வேறொன்று. விடியற்காலையில் குப்பை எடுக்க வந்த அம்மாள் அந்தத் தொட்டியைத் தள்ளிப் பார்த்தாள். அது சாக்கடை மூடியைத் தாண்டி நகரவில்லை. கடைசியில் அவள் தொட்டிக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்து, அழுகிய இலைகளைக் கூடை கூடையாகக் கையால் அள்ளினாளாம்.

"அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஸார். இதே அளவில் இன்னொரு தொட்டி வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார்.

"தொட்டி இருக்கட்டும், அப்பா. குப்பையை எடை போட்டாயா?" என்று கேட்டோம். அவர் விழித்தார்.

நம் பழைய கணக்குப் புத்தகங்களில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நால்வகை அளவை சொல்லப்பட்டிருக்கும். குப்பைத் தொட்டி வாங்க நினைக்கும் வியாபாரிகள் எவருக்கும் இந்த நாலும் போதும். மாணாக்கருக்கு அன்று நாம் போட்டுக் காட்டிய கணக்கை நேயர்களுக்கும் இங்கே சொல்லுகிறோம்.

முதலாவது, எடுத்தல். அதாவது தராசு. இலை, எச்சில், காய்கறித் தோல், சோறு ஆகிய ஈரக் குப்பையை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது இடத்தைக் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு கனத்தை மிகுதியாகக் காட்டும். லிட்டர் ஒன்றுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வது பெரும் பிழையாகாது. சக்கரத் தொட்டிகளோ பொதுவாக லிட்டருக்கு 400 கிராம் வீதம் தாங்கும்படி செய்யப்படுகின்றன. 120 லிட்டர் தொட்டிக்கு 48 கிலோ. 240 லிட்டர் தொட்டிக்கு 96 கிலோ. 1,100 லிட்டர் தொட்டிக்கு 440 கிலோ. நம் மாணாக்கருடைய தொட்டியை ஈரக் குப்பையால் விளிம்பு வரை நிரப்பினால் அது 550 கிலோ ஆகிவிடும். சக்கரம் உடையாமல் இருந்தால் அதுவே ஆச்சரியம். அதை ஒரு பெண்மணி தள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆச்சரியம் அல்ல, அநியாயம்.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 300 இலை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இலையும் மிச்சமும் சேர்ந்து ஒன்றுக்கு 200 கிராம் என்றால் 60 கிலோ. அடுக்களைக் கழிவு 20 கிலோ. ஆக 80 கிலோ. இதற்கு 120 லிட்டர் தொட்டிகள் இரண்டு போதும். 240 லிட்டர் தொட்டி ஒன்றே இந்தக் கனத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 80 கிலோவை ஒரே மூச்சில் தள்ளுவதைவிட 40 கிலோவை இரண்டு தடவையாகத் தள்ளுவது எளிது. ஈரக் குப்பை இரவு தங்கலாகாது என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊர் உஷ்ணத்தில் அதற்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆகையால் ஈரத் தொட்டியின் அளவு ஒரு நாள் குப்பையின் அளவே.

இரண்டாவது, முகத்தல். அதாவது படி. அட்டைப் பெட்டி, காகிதம், பிளாஸ்டிக் உறை, தகர டப்பா ஆகிய உலர்ந்த குப்பைக்குக் கனம் இல்லை, இடம்தான் வேண்டும். 10 கிலோ அட்டையை அப்படியே வீசி எறிந்தால், கிலோவுக்கு 20 லிட்டர் வீதம் 200 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே அட்டையைப் பிரித்துத் தட்டையாக மடித்து அடுக்கினால் நாலில் ஒரு பங்கில் அடங்கிவிடும். நாலு நாளைக்கு ஒரு முறை எடுப்பதாயிருந்தால், மடிக்காத அட்டைக்கு 800 லிட்டர் வேண்டும். மடித்ததற்கு 200 லிட்டர் போதும். பெரிய தொட்டி வாங்கும் செலவை ஒரு பையனின் பத்து நிமிஷ வேலை மிச்சப்படுத்திவிடுகிறது! உலர்ந்த குப்பை அழுகாது. அது வாரக் கணக்கில் காத்திருக்கும், விலையும் போகும். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018-ஆம் வருஷம் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நாம் வேண்டாமென்று எறியும் உறைக்கு அவர் கௌரவம் தேடித் தந்தார். ஆனால் சாம்பாரில் தோய்ந்த உறைக்கு எவராலும் கௌரவம் தேடித் தர முடியாது. ஈரமும் உலர்ந்ததும் ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

மூன்றாவது, நீட்டல். அதாவது முழக்கோல். 1,100 லிட்டர் தொட்டி சுமார் நாலரை அடி அகலமும் மூன்றரை அடி ஆழமும் உள்ளது. 240 லிட்டர் தொட்டிக்கு இரண்டடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் போதும். சந்தின் அகலம் என்ன, வாசற்படி எத்தனை, சாக்கடை மூடி எங்கே, வண்டி எதுவரை வரும் என்பனவற்றை அளந்து பார்த்த பிறகே தொட்டியை வாங்க வேண்டும். தொட்டிக்கு மூடியும் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் திறந்த தொட்டி கிணறாகிவிடும். அதில் ஊறும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ சுமை.

இந்த இடத்தில் வெளிநாட்டுச் சரித்திரம் கொஞ்சம் பார்ப்போம். 1884-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து நிர்வாக அதிகாரி யூஜின் புபெல் என்பவர், வீட்டுக்காரர்கள் எல்லோரும் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு அமல்படுத்தினார். அழுகுவதற்கு ஒன்று, காகிதம் கந்தலுக்கு ஒன்று, கண்ணாடி பீங்கானுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள். 40 முதல் 120 லிட்டர் வரை என்று அளவும் விதித்தார். கோபங்கொண்ட பாரிஸ் ஜனங்கள் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் குப்பைத் தொட்டிக்கு அதுவே பெயர். அமெரிக்காவில் 1930-களில் நாக்ஸ்வில் நகரத்து டெம்ப்ஸ்டர் சகோதரர்கள், வண்டியே தூக்கிக் கொட்டும் பெரிய இரும்புத் தொட்டியைச் செய்தார்கள். 'டம்ப்ஸ்டர்' என்னும் சொல் அவர்கள் பெயரிலிருந்து பிறந்ததுதான். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நீதி கிடைக்கிறது. யந்திரம் தூக்கும் இடத்தில் தொட்டி பெரிதாக இருக்கலாம். மனிதர் தள்ளும் இடத்தில் அது சிறிதாகத்தான் இருக்க வேண்டும். மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட் போன்ற விசாலமான இடங்களுக்குப் பெரிய தொட்டி பொருந்தும். மாசி வீதிச் சந்துக்குப் பொருந்தாது.

நாலாவது, எண்ணல். ஏழு நாள் தொடர்ந்து குப்பையை நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். அவற்றில் எந்த நாளைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது? ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு இறங்கி மூழ்கிய கணக்கரின் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். தொட்டிக்குச் சராசரி உதவாது. மிகுதியான நாளைத்தான் பார்க்க வேண்டும். முகூர்த்த நாளும் சித்திரைத் திருவிழாவும் மதுரைக்கு எதிர்பாராமல் வருகிறவை அல்லவே! நாம் சொன்ன கடையில் அத்தகைய நாட்களில் 120 கிலோ சேர்ந்தால், மூன்றாவதாக ஒரு 120 லிட்டர் தொட்டி இருந்தால் போதும். மற்ற நாட்களில் அது கவிழ்ந்து ஓய்வெடுக்கட்டும்.

சட்டத்துக்கு மட்டும் சராசரி வேண்டும். 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள், சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களைப் பெருங்கழிவாளர் என்று வகுத்தன. அவர்கள் ஈரக் கழிவைக் கூடியமட்டும் தங்கள் இடத்திலேயே எருவாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும் என்றும் கூறின. 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் அந்த 100 கிலோவை ஓர் எல்லையாக வைத்திருக்கின்றன. அத்துடன் குப்பையை ஈரம், உலர்ந்தது, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டியது என நாலாகப் பிரிக்கச் சொல்லுகின்றன. தனிக் கவனம் என்பது பழைய பல்பு, பெயிண்ட் டப்பா, காலாவதியான மருந்து முதலியவை. இவற்றோடு இரண்டு பொருள்களை நாமும் சேர்த்துச் சொல்லுவோம். அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு தொட்டியில் கொட்டக் கூடாது, தொட்டி உருகிவிடும். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியிலும் சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. தனி டின்னில் சேர்த்து, வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

ஆக நம் கணக்கின்படி கடைக்குத் தேவையானவை, ஈரத்துக்கு 120 லிட்டர் தொட்டிகள் மூன்று. உலர்ந்ததற்கு 240 லிட்டர் தொட்டி ஒன்று. மொத்தம் 600 லிட்டர். மற்ற இரண்டு வகைக்கும் சிறு மூடிக் கூடைகள் போதும். அந்தப் பெரிய தொட்டியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! தொட்டி சிறிதாயிற்று, நாற்றமோ அடியோடு தொலைந்தது.

இதையெல்லாம் ஒரு கடைக்காரருடைய சொந்த விவகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடையில் பிரிக்காத குப்பை வெள்ளைக்கல் கிடங்கு வரை கலந்தே போகிறது. 2025 ஜூலையில் வெளியான தேசத் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட 40 நகரங்களில் நம் மதுரைக்குக் கிடைத்தது 40-ஆம் இடம். அதே மதுரையில் இருக்கும் மீனாட்சியம்மன் கோயில், 2017-ஆம் வருஷம் தூய்மைக்காக மத்திய சர்க்காரின் பரிசு பெற்றது. கோயிலுக்குள் ஓர் ஊர், வெளியே வேறோர் ஊரா? "குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது" என்ற பழமொழியை நாலு கோபுரங்களின் நிழலில் வாழும் நாமே மெய்யாக்கலாமா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வயலுக்கு எரு இடுவதைக் 'குப்பை அடித்தல்' என்றே சொல்லுவார்கள். அவர்களுக்குக் குப்பை என்பது நிலத்துக்குத் திரும்பிப் போகும் செல்வம். எருக்குழியில் எது போகலாம், எது போகலாகாது என்பது அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. பட்டணத்துக்கு வந்த பிறகு நாம் குழியை மறந்தோம், அளவையும் மறந்தோம்.

சென்ற வாரம் விடியற்காலையில் மாணாக்கரின் கடைப் பக்கமாக நடந்து சென்றோம். தூய்மைப் பணியாளர் என்று இப்போது மரியாதையாக அழைக்கப்படும் அந்த அம்மாள் ஒற்றைக் கையால் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மாணாக்கர் நம்மைக் கண்டதும் கல்லாவிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து நீட்டினார். தேதி வாரியாக எடை எழுதியிருந்தது. கூட்டல் ஒன்றிலும் பிழையில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்க முடியாத முழு மார்க்கை அன்று கொடுத்துவிட்டு வந்தோம்.